லிப்ஸ்டிக் அக்காவும் ஒரு கன்னமும்

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அழகுநிலையம் நடத்தும் அந்த அம்மாளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தெருவில் யாரைக் கேட்டாலும் "லிப்ஸ்டிக் அக்காவா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். பால் வாங்க இறங்கினாலும் சரி, பல்வலிக்கு மாத்திரை வாங்க இறங்கினாலும் சரி, உதட்டில் சாயம் இல்லாமல் அவளை யாரும் பார்த்தது கிடையாது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அன்றுகூட, கன்னம் வீங்கிப் பேச்சு குழறிய நிலையிலும், செங்கல் நிறத்தில் ஒன்றைப் பூசிக்கொண்டுதான் வந்தாள். "வலிக்கிறது பல்லு. உதடு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டாள். மருந்துக்கடைக்காரர் மாத்திரையை எண்ணிக் கொடுத்தார்.

அவளுடைய அலமாரியில் சாயங்கள் நிறவாரியாக இருக்காது, காரியவாரியாக இருக்கும். கடன் கேட்கப் போக ஒன்று, கடன் கேட்டு வருகிறவரைச் சமாளிக்க ஒன்று. மாமியார் வீட்டுக்குப் போகும்போது பூச அடக்க ஒடுக்கமான ஒரு பழுப்பு. சண்டைக்கென்றே ஒரு சிவப்பு. நகப்பூச்சுக் குப்பிகளை மாலை வெயில் படும் ஜன்னலோரம் வரிசையாக வைத்து, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த வயதில் என்ன இது என்று யாராவது முணுமுணுத்தால், அவர்களுடைய விரலைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துப் பூசிவிடுவாள். முணுமுணுத்தவர்கள் அடுத்த மாதம் தாமாகவே வந்து நிற்பார்கள்.

இதெல்லாம் வெளியே தெரிகிற சங்கதி. அவளை உண்மையில் ஆட்டிவைத்தது சாயம் அல்ல, முகம். நாற்காலியில் ஒருவரைச் சாய்த்து, கழுத்து நீண்ட அந்த வட்ட விளக்கை இழுத்து, அதன் நடுவிலுள்ள பெரிய கண்ணாடிச் சில்லு வழியாகப் பார்க்கும்போது அவளுக்கு மூச்சே ஒரு கணம் நின்றுபோகும். இத்தனை வருடத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற முகம் ஒன்றைக்கூட அவள் கண்டதில்லை. ஒரு புருவம் எழுந்து நிற்கும், இன்னொன்று சோம்பல் முறிக்கும். ஒரு காது சற்றே தாழ்ந்திருக்கும். அதைச் சுமந்துகொண்டு அந்தப் பெண் ஐம்பது வருடம் நடமாடியிருப்பாள், அவளுக்கே தெரிந்திருக்காது. "அடேயப்பா!" என்று லிப்ஸ்டிக் அக்கா வாய்விட்டே சொல்லிவிடுவாள்.

"என்னக்கா, பருவா?" என்று நாற்காலியில் இருப்பவள் பதறுவாள்.

"பருவும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் இமையில ஒரே ஒரு முடி மட்டும் எல்லாத்துக்கும் எதிர்ப்பக்கமா வளைஞ்சு நிக்குது. என்ன திமிரு பாரேன் அதுக்கு!"

பதறியவள் சிரித்துவிடுவாள். சிரித்தபடி எழுந்து போகிற முகங்களால்தான் அந்தக் கடைக்குப் பேர்.

ஆனால் முரண்டு பிடிக்கவும் அவளுக்குத் தெரியும். கைப்பேசியில் தன் படத்தையே இழைத்துத் தேய்த்து எடுத்துவந்து, "எனக்கு இப்படி ஆக்கிவிடுங்க" என்று நீட்டிய கல்லூரிப் பெண்ணிடம் படத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள். "இதுல உனக்கு மூக்கே இல்லையேம்மா. சளி பிடிச்சா எங்க போவ?" என்று கேட்டாள். வெள்ளையாக வேண்டும் என்று வந்த வங்கிக்காரப் பெண்ணிடம், "சுவத்துக்குத்தான் வெள்ளையடிப்பாங்க. உனக்கு நான் நிறம் வேணா தரேன், எத்தனை வேணா தரேன். இருக்கறத எடுக்க மாட்டேன்" என்றாள். இதனால் போன வாடிக்கை போகட்டும் என்று விட்டுவிட்டாள். போன வாடிக்கையில் பாதி திரும்பி வந்தது என்பது வேறு விஷயம்.

அந்தக் கடையில் அவளுக்கு ரொம்பப் பிடித்த ஆள் எதிர்வரிசையில் தையல்கடை வைத்திருக்கும் டெய்லரம்மா. ஊசி குத்திக் குத்தித் தடித்த விரல்களில் கிளிப்பச்சை, கத்தரிப்பூ என்று கண்ணைப் பறிக்கும் நகப்பூச்சு கேட்பாள். மாதம் தவறாமல், தன் கடைக்கு விடுமுறை விட்ட மதியத்தில் வந்துவிடுவாள். குழந்தையாக இருந்தபோது கொதிக்கிற தண்ணீர் கொட்டி, இடது கண்ணுக்குக் கீழிருந்து தாடைவரை அவளுக்குத் தழும்பு. அந்தப் பக்கத்து உதட்டோரம் கொஞ்சம் மேலே இழுபட்டிருக்கும்.

அவள் வந்தால் லிப்ஸ்டிக் அக்கா தனி அக்கறை எடுத்துக்கொள்வாள். கூச்சமாக இருக்கக்கூடாதே என்று நாற்காலியைக் கண்ணாடியிலிருந்து ஜன்னல் பக்கம் திருப்பிவைப்பாள். ஆவி பட்டுவிடக்கூடாதே என்று இடது கன்னத்தின்மேல் ஈரத்துணி ஒன்றை விரிப்பாள். இழுபட்ட உதட்டோரத்தைப் பென்சிலால் நாசூக்காக நேராக்கிவிட்டு அதற்குமேல் சாயம் பூசுவாள். எதையும் பேச மாட்டாள், எதையும் காட்டிக்கொள்ள மாட்டாள். இந்த நாகரிகத்தை நினைத்து அவளுக்கே தன்மேல் ஒரு மதிப்பு இருந்தது.

ஐம்பதை எட்டிப்பிடிக்கிற வயதில் டெய்லரம்மாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை மின்தூக்கி பழுதுபார்க்கிறவர். மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர் சட்டை வந்த பிறகும் வந்துகொண்டிருந்தார். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு தையல்கடையிலேயே நாலு பேருக்குச் சாப்பாடு, அவ்வளவுதான் ஏற்பாடு. "ஆனா அன்னிக்கு என் மூஞ்சி உன் கையாலதான்" என்று டெய்லரம்மா சொன்னபோது லிப்ஸ்டிக் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மணப்பெண்கள் எத்தனையோ பேருக்குச் செய்தவள், இந்த ஒரு முகத்துக்காக அன்றிலிருந்தே சாயம் தேட ஆரம்பித்தாள்.

இந்த நேரத்தில்தான் லிப்ஸ்டிக் அக்காவின் தம்பி மனைவி ஒரு மெஷினைக் கொண்டுவந்தாள். நல்ல பெண், சுறுசுறுப்பு. அழகுக்கலையில் முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். கடையில் கூட்டாகச் சேர்ந்ததிலிருந்து துண்டுகள் மடித்தபடி இருந்தன, தேநீர் சூடாக இருந்தது. ஒரு கம்பெனிக்காரன் சோதனைக்கென்று கொடுத்தான் என்று ஆள் உயரக் கண்ணாடி மாதிரி ஒன்றைப் படியேற்றிக் கொண்டுவந்தாள். முன்னால் நின்றால் அது முகத்தைப் பெரிதாக்கிக் காட்டும், குறையெல்லாம் எங்கே என்று சிவப்பு வட்டம் போடும், கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும்.

"நீங்கதான் முதல்ல நிக்கணும் அண்ணி" என்றாள்.

லிப்ஸ்டிக் அக்கா சண்டைச் சிவப்பைப் பூசிக்கொண்டு நின்றாள். நாற்பத்து மூன்று கொடுத்தது. ஐஸ்பெட்டி ரிப்பேர் செய்யும் அவள் வீட்டுக்காரர், கையெல்லாம் கருப்பெண்ணெயும் தலையில் ஒட்டடையுமாகச் சாவி வாங்க வந்தவர், சும்மா எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுபத்திரண்டு. அந்த வாரம் முழுக்க மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. "எழுபத்திரண்டு வாங்குனவன்கிட்ட சாம்பார் உப்புன்னு சொல்லாத" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாருமே சிரித்தார்கள். ஆகவே மெஷின் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று லிப்ஸ்டிக் அக்கா விட்டுவிட்டாள்.

டெய்லரம்மா வந்த மதியம் லிப்ஸ்டிக் அக்கா உள்ளறையில் தலைச்சாயம் குழைத்துக்கொண்டிருந்தாள். "நீங்களும் வந்து நில்லுங்கக்கா, தமாஷா இருக்கும்" என்று தம்பி மனைவி கூப்பிடுவது காதில் விழுந்தது. கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. திரை நிறைய டெய்லரம்மாவின் முகம். இடது கன்னம் முழுதும் சிவப்பு வட்டம் மேல் வட்டமாக விழுந்துகொண்டே இருந்தது. போட இடமில்லாமல்போய் மெஷினே திணறுவதுபோல் நின்று, பிறகு முப்பத்தொன்று என்று காட்டியது.

டெய்லரம்மா வெகுநேரம் அதைப் பார்த்தாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. "தைக்கறதுக்கு நிறைய கிடக்குது. அப்புறம் வரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அந்த மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. எதிரில் பார்த்தால் கையை மட்டும் அசைத்தாள்.

லிப்ஸ்டிக் அக்காவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "மார்க்கு போட இது என்ன பரீட்சைக்கூடமா? என் கடையில ஒருத்திய இப்படி நிக்கவெச்சு அவமானப்படுத்திட்டியே!" என்று தம்பி மனைவியைத் தாளித்துவிட்டாள். அந்தப் பெண் அழுது மூக்கைச் சிந்திக்கொண்டு மெஷினுக்குப் போர்வை போர்த்தினாள். கல்யாணமோ நெருங்கிக்கொண்டிருந்தது. தேடிப் பிடித்து வாங்கிய சாயம் திறக்கப்படாமல் இருந்தது. தான் ஆசையாக மணப்பெண் அலங்காரம் செய்யவிருந்த தோழி கை நழுவிப் போகிறாளே என்று லிப்ஸ்டிக் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் தெருவைக் கடந்து தையல்கடைக்குள் போய் நின்றாள்.

டெய்லரம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி கல்யாணத்துக்கான தன் ரவிக்கையின் கைமடிப்பைக் குத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து வைத்த பிறகுதான் பேச முடிந்தது.

"என்ன, கடைய விட்டுட்டு வந்திருக்க?"

"அந்த மெஷின் பண்ணுன காரியத்துக்கு மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"மெஷின் என்ன பண்ணுச்சு?"

"அந்த மார்க்கு…"

"முப்பத்தொண்ணா? பள்ளிக்கூடத்துல கணக்குக்கே நான் அவ்வளவுதான் வாங்குனேன்." டெய்லரம்மா சிரித்தாள். லிப்ஸ்டிக் அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப ஏன் வரல?"

சிரிப்பு நின்றது. டெய்லரம்மா ரவிக்கையை மேசைமேல் விரித்துக் கையால் நீவிக்கொடுத்தாள். "சொன்னா கோச்சுக்கக் கூடாது."

"கோச்சுக்கல, சொல்லு."

"அந்த மெஷினு என் மூஞ்சிய முழுசா பாத்துச்சு. இந்தக் காதுல இருந்து அந்தக் காது வரைக்கும். நீ ஒரு நாளாவது பாத்திருக்கியா?"

"என்ன பேசற நீ? மாசாமாசம் நான்…"

"மாசாமாசம் பாதி. வலது கன்னத்த அரை மணி நேரம் தேய்ப்ப. இந்த ரோமம் அப்படி, அந்த மச்சம் இப்படின்னு கதை கதையா சொல்லுவ. எனக்கும் கேக்க ஆசையா இருக்கும். இடது பக்கம் வந்ததும் உன் கை தாண்டிப் போயிடும். நாற்காலிய ஜன்னல் பக்கம் திருப்பி வெச்சுடுவ. துணியப் போட்டு மூடிடுவ. ஊர்ல இருக்கிறவளுக்கெல்லாம் இருக்கறத எடுக்க மாட்டேன்னு சத்தம் போடற. என் உதட்டுக்கு மட்டும் பென்சில எடுத்து நேராக்கற."

"உனக்கு வலிக்குமேன்னுதான்…"

"வலிக்குதான்னு ஒரு தடவ கேட்டியா?"

லிப்ஸ்டிக் அக்கா மேசைமேல் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

"எனக்கு உம்மேல கோவம் இல்ல" என்றாள் டெய்லரம்மா. "அன்னிக்குத் திரையில பாத்தப்பதான் உறைச்சுது. உன் கடையில என் இடது கன்னத்த நானே பாக்கறது அதுதான் முதல் தடவ. கல்யாணத்தன்னிக்கு நானே கொஞ்சம் பவுடர் பூசிக்கறேன். நீ சாட்சிக் கையெழுத்துப் போட வா. அது போதும்."

திரும்பி வரும்போது தெரு ரொம்ப அகலமாக இருப்பதாக அவளுக்குப் பட்டது. கடையில் தம்பி மனைவியைக் கூப்பிட்டு, "தப்பு உன் மேல இல்லம்மா" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் பயந்தே போனாள், இந்த அண்ணி இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. பிறகு லிப்ஸ்டிக் அக்கா மெஷினின் போர்வையை எடுத்து அதை ஏற இறங்கப் பார்த்தாள். "முழுசா பாத்த, சரி. மார்க்கு போடறதுக்கு நீ யாரு?" என்றாள். கம்பெனிக்காரனை வரச்சொல்லி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கல்யாணத்தன்று காலையில் யாரும் கூப்பிடாமலே தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தையல்கடைக்குப் போனாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் உதட்டில் சாயம் இல்லை. பூச மறந்துபோயிருந்தாள். கதவைத் திறந்த டெய்லரம்மா அதைப் பார்த்துப் பதறி, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. உன் மூஞ்சிய ஒரு தடவ முழுசா பாக்கணும். சாயம் வேண்டாம்னா வேண்டாம். பாத்துட்டுப் போயிடறேன்."

டெய்லரம்மா கொஞ்ச நேரம் நிலைவாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். பிறகு நகர்ந்து வழிவிட்டாள்.

அளவு பார்க்கிற மறைப்புக்குள்ளே, ஆளுயரக் கண்ணாடிக்கு நேராக, தையல் முக்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்காரவைத்தாள். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. லிப்ஸ்டிக் அக்கா மண்டியிட்டு, அந்த இடது கன்னத்தை முதல்முறையாகப் பார்த்தாள்.

அடேயப்பா என்று சொல்லக்கூட அவளுக்கு வரவில்லை. தழும்பு என்று ஒரே சொல்லில் அவள் ஒதுக்கிவைத்திருந்த இடம் ஒன்றாக இல்லை. கண்ணுக்குக் கீழே தோல் காய்ச்சிய பாலின் ஆடையைப்போல மெல்லியதாய் மின்னியது. ஒரு துளை இல்லை, ஒரு ரோமம் இல்லை. கன்னத்தின் நடுவில் இளஞ்சிவப்பு, அதை ஒட்டிக் கத்தரிப்பூவின் நிழல், பிறகு தேன்பழுப்பு, ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் கோடே தெரியாமல் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருந்தன. அலமாரியில் இருக்கும் அத்தனை குப்பிகளையும் உடைத்துக் கலந்தாலும் அவளுக்கு அது வராது. தாடையோரம் சுருக்குத் தையல் போட்டதுபோல் மடிப்பு மடிப்பாக இறங்கி, கழுத்தில் ஒரு சின்னக் கொடியாக ஓடி மறைந்தது. ஒரு குழந்தையின் உடம்பு அவ்வளவு பெரிய வலியைத் தாங்கிக்கொண்டு, யாரும் சொல்லிக்கொடுக்காமல், தன்னைத் தானே இத்தனை நுணுக்கமாக மூடிக்கொண்டிருக்கிறது. இதையா துணி போட்டு மறைத்தேன் என்று லிப்ஸ்டிக் அக்கா இன்னும் நெருங்கிக் குனிந்தாள்.

அவள் பார்த்ததையெல்லாம் சொன்னாள். கத்தரிப்பூ நிழலைச் சொன்னாள், கொடியைச் சொன்னாள். மடிப்புகளில் ஒன்று நடுவில் நின்று, யோசித்து, வேறு வழியாகப் போவதைச் சொன்னாள். "அதுக்கும் திமிருதான்" என்றாள். டெய்லரம்மா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு குழந்தை கதை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சாயம் போடு" என்றாள் கடைசியில். "மூடாத. போடு."

அது லேசான வேலையாக இல்லை. தூரிகையில் எடுத்த பொடி அந்த வழுவழுப்பில் நிற்காமல் உதிர்ந்தது. தேய்த்தால் திட்டுத்திட்டாக விலகியது. இத்தனை வருடம் கற்றது எதுவும் உதவாமல் போகவே, தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் குழைவான சாயத்தை விரல்நுனியில் எடுத்தாள். இரு விரலுக்கிடையில் சூடுபறக்க உரசி, அழுத்தாமல், தட்டித்தட்டி ஒற்றினாள். நின்றது. வலது கன்னத்தில் மங்கலாக விழும் அதே சாயம், இடதில் உள்ளிருந்தே எழுகிற மாதிரி ஒளிர்ந்தது. உதட்டுக்கு வந்தபோது பென்சிலைத் தொடவேயில்லை. இழுபட்ட ஓரம் எங்கே போனதோ அங்கேயே சாயத்தையும் கொண்டுபோனாள். எதையோ கேட்டுச் சிரிக்க ஆரம்பிக்கிற வாய் அது. இத்தனை நாள் அந்தச் சிரிப்பை அவள் மாதாமாதம் அழித்து அனுப்பியிருக்கிறாள்.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

"ஓரத்துல குறுகுறுங்குது. நடுவுல ஒண்ணும் தெரியாது. சின்ன வயசுல இருந்தே அங்க சூடும் தெரியாது, குளிரும் தெரியாது."

லிப்ஸ்டிக் அக்காவின் கை நின்றது. "அப்ப நான் தொடறதே உனக்குத் தெரியலையா?"

"தெரியுதே" என்று டெய்லரம்மா எதிரே மோவாயால் காட்டினாள். "கண்ணாடியில தெரியுதுல்ல."

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. லிப்ஸ்டிக் அக்காவின் வீட்டுக்காரர் ஐஸ்பெட்டி ஏற்றுகிற வேனைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளை அதற்குள் உட்கார்ந்திருந்தார். ஹார்ன் ஒருமுறை மரியாதையாகவும் அடுத்தமுறை அவசரமாகவும் அடித்தது.

"முடிஞ்சுது. கிளம்பு" என்று லிப்ஸ்டிக் அக்கா விரலைத் துடைத்துக்கொள்ளப் போனாள்.

டெய்லரம்மா எழுந்திருக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துத் தன் இடது கன்னத்தின்மேலேயே வைத்துக்கொண்டாள்.

"எடுக்காத. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."

"சாயமெல்லாம் என் கையில ஒட்டிக்கும்."

"ஒட்டட்டும். மறுபடி பூசு."

ஹார்ன் மூன்றாவது முறையும் அடித்தது. லிப்ஸ்டிக் அக்கா கையை எடுக்கவில்லை.